மூச்சு மட்டும் போதுமா? என்பையும் ஓமோனையும் மறந்துபோன மருத்துவச் செய்திகள்

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் பற்றிக் கடந்த சில ஆண்டுகளாக ஆங்கிலப் பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகளை வாசிக்கும் ஒருவர், அந்த நோய் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது என்றே எண்ணுவார். "அதிசய மருந்து", "நுரையீரலுக்கு மறுபிறவி", "மூச்சு மீண்டது" என்பன போன்ற தலைப்புகளே எங்கும். செய்திக்குத் தலைப்பு இடுவதையே முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில் சொல்கிறேன்: இத்தலைப்புகள் பொய்யானவை அல்ல. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடும் தலைப்புகள். விழுங்கப்பட்ட அந்த மீதியில்தான் இன்று பல்லாயிரம் பேர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த மீதி எது? நீரிழிவு. மெலிந்து முறியும் என்புகள். பிந்தி வரும் பருவம். பிள்ளைப்பேறு பற்றிய வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகள். இவற்றைப் பற்றி யாரும் தலைப்பு இடுவதில்லை. காரணம் வெளிப்படையானது. மூச்சுத் திணறும் குழந்தையின் படம் முதற் பக்கத்துக்கு வரும். இடுப்பு என்பின் அடர்த்தி குறைந்துபோன முப்பத்தைந்து வயதுக்காரரின் ஊடுகதிர்ப் படம் எந்தப் பக்கத்துக்கும் வராது.

நான் வைத்தியன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வந்தவன். ஆயினும் ஒரு செய்தியில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. எது விடுபட்டிருக்கிறது, அது ஏன் விடுபட்டது, அதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

பெயரிலேயே இருக்கும் உண்மை

முதலில் ஒரு சிறு வரலாறு. 1938ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் டொரதி அண்டர்சன் என்ற பெண் வைத்தியர், இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து இந்நோயைத் தனியொரு நோயாக இனங்கண்டார். அவர் கண்டது கணையத்தில் உருவாகியிருந்த நீர்க்கட்டிகளையும் தழும்பு இழையங்களையுமே. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பெயரே கணையத்தின் அழிவைக் குறித்து வந்த பெயர். அதாவது, சமிபாட்டுக்கும் இன்சுலினுக்கும் பொறுப்பான உறுப்பின் பெயரால் அறியப்பட்ட ஒரு நோயை, நாம் நுரையீரல் நோயாக மட்டும் சுருக்கிவிட்டோம்!

1989இல் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த லாப் சீ சூய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் கொலின்சும் இணைந்து, 7ஆம் நிறமூர்த்தத்தில் இந்நோய்க்குக் காரணமான பரம்பரை அலகைக் கண்டுபிடித்தனர். உப்பும் நீரும் கலமென்சவ்வைக் கடந்து செல்வதற்கு வழிசெய்யும் புரதம் ஒன்றை ஆக்குவது அந்த அலகின் வேலை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்ட பிரதிகள் வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வரும். ஒன்று மட்டும் பழுதென்றால் அவர் காவி. அந்தப் புரதம் பழுதானால் உடலின் சுரப்புகள் தடித்துப் பசையாகின்றன. நுரையீரலில் மட்டுமன்று, கணையத்தில், குடலில், பித்தநாளத்தில், இனப்பெருக்க உறுப்புகளில் என எல்லா இடங்களிலும். வியர்வை மட்டும் உப்பு மிகுந்து வெளியேறுகிறது. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற நாட்டார் நம்பிக்கை ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நிலவியது. 1959இல் செம்மைப்படுத்தப்பட்ட வியர்வைப் பரிசோதனையே இன்றும் இந்நோயை உறுதிசெய்யும் அடிப்படைப் பரிசோதனை.

1950களில் இந்நோயுடன் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே அரிது. இன்று அமெரிக்காவில் பிறக்கும் இந்நோயுள்ள குழந்தையின் எதிர்பார்க்கப்படும் இடைநிலை ஆயுள் அறுபதைத் தாண்டிவிட்டது. அங்கு நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று வளர்ந்தோர். இது மருத்துவ அறிவியலின் மகத்தான வெற்றி. அதை மறுப்பவன் மூடன். ஆனால் ஆறு வயதில் இறந்த குழந்தைக்கு நீரிழிவு வருவதற்கு அவகாசம் இருக்கவில்லை. என்பு தேய்வதற்கும் அவகாசம் இருக்கவில்லை. ஆயுளை நீட்டிய மருத்துவம், நீண்ட ஆயுளோடு கூடவே வரும் கடன்களையும் தீர்க்கக் கடமைப்பட்டிருக்கிறது அல்லவா?

நமக்குத் தெரிந்த சீனி வருத்தம் அல்ல இது

நம் வீடுகளில் சீனி வருத்தம் பற்றி அறிவுரை சொல்லத் தெரியாதவர் இல்லை. சோற்றைக் குறை, சீனியை விடு, எண்ணெயைத் தொடாதே, உடம்பைக் குறை என்று அயலவரும் உறவினரும் மாறி மாறிச் சொல்வர். இரண்டாம் வகை நீரிழிவுக்கு அந்த அறிவுரைகளில் நியாயம் உண்டு. அதே அறிவுரையைச் சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ள ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது கேடாக முடியும்.

இந்நோயாளருக்கு வரும் நீரிழிவு முதலாம் வகையும் அன்று, இரண்டாம் வகையும் அன்று. கணையத்தின் நாளங்கள் அடைபட்டு, அவ்வுறுப்பு படிப்படியாகச் சிதைகையில், இன்சுலின் சுரக்கும் கலங்களும் சேர்ந்தே அழிகின்றன. பதின்ம வயதினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், வளர்ந்தோரில் 40 முதல் 50 வீதமானோருக்கும் இது வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்ணும் உணவின் கொழுப்பு சமிபாடடையாமலே வெளியேறுவதாலும், மூச்சு விடுவதற்கே உடல் மிகுந்த சக்தியைச் செலவிடுவதாலும் இவர்களுள் பலர் சாதாரண ஆளைவிடக் கூடுதலாக உண்ண வேண்டியவர்கள். நீரிழிவு வந்த பின்னரும் அப்படித்தான். உணவைக் குறைப்பது பரிகாரம் அன்று. உணவுக்கு ஏற்றவாறு இன்சுலின் ஏற்றிக்கொள்வதே பரிகாரம். புதிய மருந்துகள் வந்தபின் சிலர் எடை கூடி, கலோரி பற்றிய கணக்கு மாறியிருக்கிறது என்பது உண்மை. அந்தக் கணக்கைப் போடவேண்டியவர் அவர்களது மருத்துவக் குழுவினரே ஒழிய, அடுத்த வீட்டு மாமி அல்லர்.

இன்சுலின் என்பது உடலைக் கட்டியெழுப்பும் ஓமோன். அது குறைந்தால் தசை கரைகிறது; எடை குறைகிறது; எடை குறைய நுரையீரலின் வலு குறைகிறது. நீரிழிவு இன்னதென்று கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிடுகிறது. எனவேதான் 2010இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, பத்து வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை குளுக்கோசுக் கரைசலைப் பருக்கிச் செய்யும் இரண்டு மணிநேரப் பரிசோதனையை வலியுறுத்தியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் வழமையான இரத்தப் பரிசோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள், இந்நோயில் அது ஏமாற்றக்கூடும் என்றும் எச்சரித்தது.

நடப்பது என்ன? சிறுவர்களுக்கு ஓரளவு இப்பரிசோதனை நடக்கிறது. வளர்ந்தோரில் பாதிப் பேருக்குக்கூட இது ஒழுங்காக நடைபெறுவதில்லை என்பதை அமெரிக்க நோயாளர் பதிவேடே ஆண்டாண்டாகக் காட்டி வந்துள்ளது. வெறும் வயிற்றுடன் வரவேண்டும். இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும். வேலைக்கு லீவு போடவேண்டும். ஒரு குவளை இனிப்புக் கரைசலும் இரண்டு மூன்று இரத்த மாதிரிகளும்தான் செலவு. மூன்று இலட்சம் டொலர் மருந்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிற பத்திரிகைகள் இந்த ஒரு குவளைக் கரைசலைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தால் எத்தனை பேர் நேரத்தோடு பிழைத்திருப்பார்கள்!

இருமினால் முறியும் விலா

என்புக்கு வருவோம். வளர்ந்த நோயாளரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கின்படி, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு என்புச் சிதைவு நோய் இருந்தது. இன்னும் 38 வீதமானோருக்கு என்பின் அடர்த்தி குறைந்திருந்தது. ஏழு பேரில் ஒருவருக்கு முள்ளந்தண்டு என்பில் முறிவு இருந்தது. இவர்கள் மூதாட்டிகள் அல்லர். பெரும்பாலானோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள்.

ஏன் இப்படி? ஒரு காரணம் அல்ல, பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கணையம் பழுதானதால் கொழுப்பு உறிஞ்சப்படுவதில்லை. கொழுப்பில் கரையும் விற்றமின்களான ஏ, டி, ஈ, கே ஆகியனவும் அதனோடு போய்விடுகின்றன. விற்றமின் டி இல்லாமல் கல்சியம் உடலில் சேராது. விற்றமின் கே இல்லாமல் என்பின் புரதம் முழுமை பெறாது. நாட்பட்ட நுரையீரல் தொற்றினால் உடலில் ஓயாத அழற்சி; அந்த அழற்சி என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தும் தன் பங்குக்கு என்பை அரிக்கிறது. பருவம் பிந்துவதால் பாலியல் ஓமோன்கள் என்பைக் கட்டவேண்டிய காலத்தில் போதியளவு கிடைப்பதில்லை. இன்சுலின் குறைவும் கூடவே சேர்கிறது. போதாக்குறைக்கு, பழுதுபட்ட அதே புரதம் என்பைக் கட்டும் கலங்களிலும் இருக்க வேண்டிய ஒன்று. பட்ட காலிலே படும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதன் விளைவு கொடுமையானது. இந்நோயாளருக்கு இருமல் உயிர்காக்கும் கருவி. இருமிச் சளியை வெளியேற்றினால்தான் நுரையீரல் பிழைக்கும். விலா என்பு மெலிந்திருந்தால் அந்த இருமலே அதை முறித்துவிடுகிறது. விலா முறிந்தவர் வலிக்குப் பயந்து இருமமாட்டார். இருமாவிட்டால் சளி தேங்கும், தேங்கினால் தொற்று, தொற்றினால் மீண்டும் அழற்சி, அழற்சியால் என்பு மேலும் மெலியும். முள்ளந்தண்டு நொறுங்கிக் கூன் விழுந்தால் மார்புக்கூடு ஒடுங்கி நுரையீரல் விரிய இடம் இல்லாமற் போகிறது. நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை ஒன்றே கடைசி வழி என்றாகும் கட்டத்தில், கடுமையான என்புச் சிதைவு அதற்கும் குறுக்கே நிற்கக்கூடும்.

ஆகவே, "முதலில் நுரையீரலைப் பார்ப்போம், என்பைப் பிறகு பார்க்கலாம்" என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: நுரையீரலைச் சுற்றி நிற்கும் கூடு எதனால் ஆனது?

இதற்கும் மருந்து இல்லாமல் இல்லை. விற்றமின் டி அளவை ஆண்டுதோறும் அளந்து, குறைந்தது மில்லிலீற்றருக்கு 30 நனோகிராமில் வைத்திருக்க வேண்டும் என்று 2012இலேயே வழிகாட்டி வெளிவந்தது. வளர்ந்தோர் எல்லோருக்கும், ஆபத்துக்கூறுகள் உள்ள சிறுவர்களுக்கு அதற்கு முன்பும், என்பு அடர்த்தியை அளக்க வேண்டும் என்ற பரிந்துரையும் உண்டு. உடற்பயிற்சி, போதிய உணவு, விற்றமின், தேவைப்பட்டால் என்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் என்பனவே வழி. ஊசி மூலம் ஏற்றும் அம்மருந்துகள் இந்நோயாளர் சிலருக்குக் கடும் என்பு வலியை உண்டாக்கியதால் கவனம் தேவை. வாழ்நாளின் என்புச் செல்வத்தின் பெரும் பகுதி பதின்ம வயது முடிவதற்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் கவனியாது விட்டுவிட்டு முப்பத்தைந்தில் ஓடித் திரிவதில் பயன் குறைவு.

பேசாப் பொருள்

ஓமோன் என்றவுடன் நம்மவர் குரலைத் தாழ்த்திவிடுகின்றனர். ஆகவே உரத்தே சொல்கிறேன்.

போசணை குன்றிய பிள்ளைகளுக்குப் பருவம் ஓரிரு ஆண்டுகள் பிந்தி வரும். இந்நோயுள்ள பிள்ளைகளில் இது நெடுங்காலமாகக் காணப்பட்டது. சிகிச்சை திருந்தத் திருந்தக் குறைந்தும் வந்துள்ளது. ஆனால் இன்னும் நேரத்தோடு கவனிக்கப்படாத பிள்ளைகள் இருக்கவே செய்கிறார்கள். பெண் பிள்ளையின் சாமத்தியச் சடங்கை ஊர் கூட்டிக் கொண்டாடும் சமூகம் நாம். ஒரு பிள்ளைக்கு அது பிந்தினால் "இன்னும் இல்லையா?" என்று உறவினர் கேட்கும் கேள்வி அந்தப் பிள்ளையின் மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தைக்கும்! அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் வைத்தியர். கேட்டுவிட்டு ஓமோன் அளவைச் சோதிக்கவும் வேண்டும்.

ஆண்களின் நிலை வேறு. இந்நோயுள்ள ஆண்களில் ஏறத்தாழ 98 வீதமானோருக்கு விந்தைக் கொண்டுசெல்லும் நாளம் பிறவியிலேயே இல்லை. விந்து உற்பத்தி பெரும்பாலும் வழமைபோலவே நடக்கிறது. வெளியேற வழிதான் இல்லை. ஆண்மைக்குறைவு வேறு, இது வேறு. விந்தை நேரடியாக எடுத்துச் செயற்கை முறையில் கருத்தரிக்கச் செய்ய இயலும். நுரையீரல் நோயே இல்லாமல், இந்தப் பரம்பரை அலகின் மென்மையான பழுதால் இக்குறை மட்டும் உள்ள ஆண்களும் உண்டு. அவர்கள் அதை அறிவது பிள்ளையில்லை என்று வைத்தியரிடம் போகும்போதுதான். போகும் வரை நம் ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "மலடி" என்ற சொல் மனைவியின் தலையில் விழும். நேர்த்திக்கடனும் விரதமும் அவளுக்கு. பரிசோதனைக்குப் போக மறுக்கும் ஆணை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பெண்களோ இதற்கு நேர்மாறான சிக்கலில் இருக்கிறார்கள். தடித்த சுரப்பினால் கருத்தரிப்பது சற்றுக் கடினமாக இருந்த பெண்கள், புதிய மருந்துகளின் பின் எளிதில் கருத்தரிக்கிறார்கள். "உனக்குப் பிள்ளை பிறப்பது கடினம்" என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பழைய சொல் இனி செல்லாது என்பதை எடுத்துச் சொல்வதும் மருத்துவத்தின் கடமை.

அதிரீனற் சுரப்பியையும் விட்டுவிடக் கூடாது. உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் சிலவற்றையும் பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல் போன்ற மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தால், ஸ்டீரொயிட் உடலில் தேங்கி, சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடக்கூடும். நுரையீரல் நிபுணர் ஒன்றைக் கொடுக்க, இன்னொருவர் மற்றதைக் கொடுக்க, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருமில்லை என்றால் நோயாளி யாரிடம் போவது?

கடவுள் வரம் கொடுத்தாலும்...

இனி, தலைப்புகளின் நாயகனான மருந்துக்கு வருவோம். வெர்டெக்ஸ் நிறுவனத்தின் மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசைக்கு 2019 ஒக்ரோபர் 21ஆம் திகதி அமெரிக்கா அனுமதி வழங்கியது. அங்கு அதன் பெயர் ட்ரைகப்டா, ஐரோப்பாவில் கப்ட்ரியோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 311,000 டொலர் என்று விலை குறித்தார்கள். இம்மருந்து பழுதுபட்ட புரதத்தையே சீர்செய்ய முயல்வது. நுரையீரலை மட்டுமன்றிப் போசணையையும் அது மேம்படுத்துகிறது. சிலரின் சீனி அளவும் சீரடைகிறது. ஆனால் ஏற்கெனவே அழிந்துபோன கணையத்தை அது மீட்டுத் தராது. பிறவியில் இல்லாத நாளத்தை உண்டாக்காது. நொறுங்கிய முள்ளந்தண்டை நிமிர்த்தாது. அப்படியென்றால் பெறப்படும் முடிவு ஒன்றுதான்: அழிவு நேர்வதற்கு முன், இளமையிலேயே இது கிடைக்க வேண்டும். ஒவ்வோராண்டுத் தாமதமும் கணையத்திலும் என்பிலும் எழுதப்படும் கடன்.

அந்தத் தாமதத்தை உண்டாக்குவது எது? விலை. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இக்குளிசையை இலாபமும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 டொலருக்கு உற்பத்தி செய்ய முடியும் என்று கணித்தது. அதே காலத்தில் வெளியான இன்னொரு கணக்கு, 94 நாடுகளில் ஏறத்தாழ 162,000 பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், மூன்று மருந்துக் குளிசை அவர்களில் 12 வீதமானோருக்கே கிடைப்பதாகவும் மதிப்பிட்டது.

ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவாயிற்று, அதை மீட்க வேண்டாமா என்பது நிறுவனத் தரப்பின் வாதம். செலவானது உண்மை. ஆனால் அந்த ஆராய்ச்சியின் தொடக்க காலத்தில் துணிந்து பணம் போட்டது யார்? நோயாளர் குடும்பங்கள் சேர்த்துக் கொடுத்த நன்கொடையில் இயங்கும் அமெரிக்க சிஸ்டிக் பைப்ரோசிஸ் அறக்கட்டளை. ஏறத்தாழ 150 மில்லியன் டொலர் கொடுத்தது அது. 2014இல் தனது உரிமப் பங்கை 3.3 பில்லியன் டொலருக்கு விற்றும்விட்டது. தங்கள் பிள்ளைகளுக்காக உண்டியல் குலுக்கிய பெற்றோரே, பின்னர் அந்த மருந்தின் விலையைக் கண்டு திகைத்து நின்றனர். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம்கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரி வரத்துக்குக் காப்புரிமையும் எடுத்துவைத்திருக்கிறான்.

இங்கிலாந்தில் ஒர்கம்பி என்ற முந்திய மருந்துக்காகப் பெற்றோர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் போராடினர். ஆண்டுக்கு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் விலை குறிக்கப்பட்ட அம்மருந்து பற்றி 2019 ஒக்ரோபரில்தான் உடன்பாடு ஏற்பட்டது. அந்நான்கு ஆண்டுகளில் பத்து வயதுப் பிள்ளை பதின்னான்கு வயதாகியது. என்பைக் கட்டவேண்டிய ஆண்டுகள் பேச்சுவார்த்தை மேசையில் கரைந்தன. தென்னாபிரிக்காவில் செரி நெல் என்ற பெண் 2023இல் இந்த மருந்துக்காக நீதிமன்றப் படியேறினார். அதே காலத்தில் இந்தியாவிலும் கோரிக்கைகள் எழுந்தன. ஆர்ஜென்ரீனாவில் தயாராகும் மாற்று மருந்தை வாங்கப் பல நாட்டுப் பெற்றோர் கடல்கடந்து அலைந்தனர். 2025இல் வங்காளதேசத்தின் பெக்சிம்கோ நிறுவனம் இதன் மாற்று மருந்தைத் தயாரிக்க முன்வந்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மருந்துக் காப்புரிமையிலிருந்து உலக வர்த்தக அமைப்பு அளித்திருக்கும் விலக்கு அதற்கு வாய்ப்பளித்தது.

இலங்கையனான எனக்கு இதில் வியப்பில்லை. நமது பேராசிரியர் சேனக பிபிலே வாதாடியது இதற்காகத்தானே? வர்த்தகப் பெயரில் விற்கப்படும் மருந்துக்குப் பதிலாக அதன் மூலப்பெயரில், மலிவாக, மக்களுக்குத் தேவையானதை அரசே கொள்வனவு செய்யவேண்டும் என்றார் அவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அந்தச் சிந்தனையில்தான். ஒரு சிறிய நாட்டின் வைத்தியர் அரை நூற்றாண்டுக்கு முன் சொன்னதை இன்று பணக்கார நாடுகளின் பெற்றோரே பதாகையில் எழுதிப் பிடிக்கின்றனர்.

"அது வெள்ளைக்காரர் வருத்தம்"

இந்த நோயைப் பற்றி எழுத முனைந்தபோதெல்லாம் ஆசிரியபீடங்களில் நான் கேட்ட மறுமொழி இது. "அது வெள்ளைக்காரர் வருத்தம், எங்கட சனத்துக்கு எதற்கு?" என்பார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடையே இது மிகுதி என்பது உண்மை. நம்மிடையே இல்லை என்பது உண்மையன்று. 1960களின் இறுதியிலேயே இந்தியாவிலிருந்து நோயாளர் பற்றிய அறிக்கைகள் வந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நோயாளருக்குச் சிகிச்சை நடக்கிறது. இலங்கை நோயாளரின் பரம்பரை அலகுப் பழுதுகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையும் வெளியாயிற்று. நோய் இல்லை என்று நினைப்பதால் எவரும் தேடுவதில்லை, தேடாததால் கிடைப்பதில்லை, கிடைக்காததால் இல்லை என்கிறோம். அடிக்கடி நியுமோனியா வரும், எவ்வளவு ஊட்டினாலும் தேறாத பிள்ளையின் இறப்புப் பத்திரத்தில் "நியுமோனியா" என்றோ "போசணைக்குறை" என்றோ எழுதினால் கதை முடிந்தது.

புலம்பெயர்ந்த நம்மவர் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். பிரித்தானியா முழுவதும் 2007 முதலும், ஒன்ராறியோவில் 2008 முதலும் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் இரத்தம் எடுத்து இந்நோய்க்குச் சோதிக்கிறார்கள். அச்சோதனையில் தேடப்படும் பரம்பரைப் பழுதுகளின் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பியரை மனத்திற்கொண்டு தொகுக்கப்பட்டது. இந்நோய்க்கான பழுதுகளோ இரண்டாயிரத்துக்கு மேல். எனவே தெற்காசியப் பிள்ளை ஒன்று சோதனையில் தப்பிவிடுவதற்கு இடமுண்டு. "சோதித்துவிட்டோம், இல்லை" என்ற கடிதம் இறுதித் தீர்ப்பு அன்று. அறிகுறிகள் இருந்தால் வியர்வைப் பரிசோதனை கேளுங்கள். கறுத்த தோலுடன் வடக்குக் குளிர் நாட்டில் வாழ்வோருக்கு விற்றமின் டி குறைவு ஏற்கெனவே மிகுதி. அதன்மேல் இந்நோயும் இருந்தால் என்பின் கதி என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கோபம் வரும். மச்சான் மச்சாள் திருமணம் நம்மிடையே உரிமையாகவே கருதப்பட்ட வழக்கம். ஒரே பாட்டன் பாட்டி வழியில் வந்த இருவர், ஒரே பழுதைக் காவிக்கொண்டிருக்கும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம். இதைச் சொல்வது பண்பாட்டைப் பழிப்பதாகாது. சாதகப் பொருத்தம் பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கை வைத்தியரிடம் ஆலோசனை கேட்பதற்கும் செலவிடலாம் என்பதே என் வாதம்.

கேட்க வேண்டியவை

முடிவாக, இந்நோயுள்ள பிள்ளையை வளர்ப்போரும் இந்நோயுடன் வாழ்வோரும் தமது வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. பத்து வயதைக் கடந்துவிட்டதே, இவ்வாண்டுக் குளுக்கோசுப் பரிசோதனை எப்போது? விற்றமின் டி அளவு என்ன? என்பு அடர்த்தியை எப்போது அளப்பீர்கள்? பருவ வளர்ச்சி வயதுக்கு ஏற்றதாக இருக்கிறதா? கொடுக்கும் மருந்துகள் ஒன்றையொன்று பாதிக்குமா? பிள்ளைப்பேறு பற்றி யாரிடம் பேசலாம்? இக்கேள்விகளைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மற்றத் தரப்புக்கு உண்டு.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "அதிசய மருந்து" என்று தலைப்பு இடும்போது, அதன் கீழே மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அந்த மருந்தின் விலை என்ன, அது யாருக்குக் கிடைக்கவில்லை, அது தீர்க்காத வருத்தங்கள் எவை என்ற மூன்று வரிகள் போதும்.